எர்த் ஒயர்

"லைட்டு நிக்கையில எரியுது அம்மிணி. ரோட்டுல ஏறுனா அணைஞ்சு போகுது. என் உசுர வாங்குது," என்றார் காரியப்பன்.

பரமத்தி ரோட்டில் ஜெய்னம்புவின் கடையில் அவர் வண்டி ஒயரிங் கற்றுக்கொண்டிருந்தார். குருவைவிடச் சீடருக்கு வயது கூட. பிடிவாதம் அதைவிடக் கூட.

தன் கரும்பு ட்ரெய்லருக்குப் பின்விளக்கு போட்டதும் அவரேதான்.

"பிளாஸ்டிக் சாக்கெட்டக் கழட்டிட்டு இரும்புல மாட்டிரட்டுமா?"

ஜெய்னம்பு டிராக்டருக்கும் ட்ரெய்லருக்கும் நடுவில் குனிந்து பார்த்தாள்.

"முன்னெல்லாம் லைட்டுக்கு என்னண்ணா பண்ணுவீங்க?"

காரியப்பனின் முகம் மலர்ந்தது.

"என் கூட்டாளி செங்கோடன் இருந்தானே! அரிக்கேன் விளக்கோட கரும்பு மேல ஏறி உக்காந்துக்குவான். பின்னால பஸ் வந்தா ஒரு கத்து கத்துவான். நான் ஹாரன் அடிப்பேன். ஆலை வரைக்கும் பாட்டும் சிரிப்புமாப் போவோம். அது ஒரு காலம் அம்மிணி."

"இப்ப?"

"போன சீசன்ல வார்த்தை தடிச்சுப் போச்சு. வீட்டோட உக்காந்துட்டான். நானும் விடல. கேரளா போற முட்டை லாரி எது வந்தாலும் நிறுத்தி, 'போற வழியில அவன் வீட்டுக்கிட்ட வாடான்னு ஒரு சத்தம் குடுத்துட்டுப் போப்பா'ன்னு சொல்லி விடறேன். ஒரு பதில் இல்ல. கல்நெஞ்சுக்காரன்."

"நேர்ல போகலையா?"

"நானா? நல்லாருக்கே!"

செங்கோடன் இல்லாமல் அவருக்கு அந்த ரோடே பிடிக்கவில்லை. இந்த சீசனும் வராவிட்டால் அவன் இனி வரவே மாட்டான் என்று பயந்தார்.

ஜெய்னம்பு சாக்கெட்டைத் திறந்து காட்டினாள். ஒரு துளை காலியாக இருந்தது.

"எர்த் ஒயர் எங்கண்ணா?"

"அது எதுக்கு? ட்ரெய்லர் கொக்கி இரும்புதான? போன கரண்ட் அது வழியாத் திரும்பிக்கும்."

அவள் கடப்பாரையால் கொக்கியை நெம்பினாள். விளக்கு அணைந்தது. விட்டாள். எரிந்தது. மறுபடி நெம்பினாள்.

காரியப்பன் தலையில் அடித்துக்கொண்டார்.

"குலுங்குனா விட்டுப்போகுது! திரும்பறதுக்கு வழி வெக்காம லைட்டத் திட்டிட்டுக் கெடந்திருக்கறேன் பாரு."

சிரித்துக்கொண்டே கறுப்பு ஒயரை நறுக்கி, முனையைச் சீவி, காலித் துளையில் செருகினார்.

"அந்த முட்டை லாரிங்க திரும்பையில எந்த வழிங்ணா?"

"பைபாஸ் வழியா அப்படியே போயிரும். நம்ம பக்கம் எங்க வரு..."

ஸ்க்ரூ டிரைவர் பாதியில் நின்றது.

அவர் ட்ரெய்லரைக் கழற்றி விட்டுவிட்டு டிராக்டரில் ஏறினார்.

"லைட்டு வேலை முடியலையேண்ணா?"

"அவன் வீட்டுக்குப் போயிட்டு வந்து முடிக்கறேன் அம்மிணி," என்று வண்டியைக் கிளப்பினார் காரியப்பன்.