பன்றியாரின் சொந்த ஓடை

ஒரு காட்டில், மலையிலிருந்து இறங்கி வரும் ஓடையின் மேற்பக்கத்தில் ஒரு காட்டுப்பன்றி வசித்தது. அங்கே ஒரு பெரிய பள்ளம். பள்ளத்தின் ஓரத்திலேயே அதன் வீடு. ஓடை அந்தப் பள்ளத்துக்குள் நுழைந்து, மறுபக்கம் வெளியேறி, கீழே இருக்கும் குட்டையில் போய் விழும். அந்தக் குட்டையை நம்பி ஓர் ஆமையும் சில மான்களும் ஒரு நாரைக் கூட்டமும் பிழைத்து வந்தன.

பன்றியின் முதுகில் எப்போதும் ஒரு மைனா உட்கார்ந்திருக்கும். உண்ணி பொறுக்குவது அதன் வேலை. பன்றி சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடுவது இன்னொரு வேலை. இரண்டாவது வேலையில்தான் அதற்குக் கெட்டிக்காரத்தனம் அதிகம்.

கோடை பிறந்ததும் ஓடை மெலிந்தது. சேற்றில் படுத்துக்கொண்டு பன்றி யோசித்தது.

"மைனா, என் இடத்துக்குள் வந்த தண்ணீர் யாருடையது?"

"எல்லாம் உங்களுடையதுதான் அய்யா."

"அப்படியானால் அது ஏன் கீழே போகிறது?"

இந்தக் கேள்விக்கு ஆமாம் போட முடியாது. மைனா அவசரமாக ஓர் உண்ணியைத் தேடத் தொடங்கியது.

அன்றே பன்றி வேலையில் இறங்கியது. கல்லையும் மரக்கட்டையையும் உருட்டி வந்து, களிமண் பூசி, தண்ணீர் வெளியேறும் இடத்தில் ஒரு கரை கட்டியது. கரைக்கு அப்பால் ஓடை காய்ந்தது. அங்கே கிடந்த வண்டல் மண்ணைப் பார்த்ததும் பன்றிக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஓடை நெடுகச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு நட்டுவிட்டது.

கீழே குட்டை வற்றியது. மான்குட்டிகள் நாக்கு வறண்டு சுருண்டு படுத்தன. நாரைகள் கத்தித் தீர்த்தன. ஆமைதான் நியாயம் கேட்கப் புறப்பட்டுப் போனது. மரியாதையில் ஆமையை மிஞ்ச அந்தக் காட்டில் ஆள் கிடையாது. வழியில் கிடக்கும் முள்ளிடம்கூடக் கொஞ்சம் நகர்ந்துகொள்ளச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் தாண்டும்.

ஆண்டுதோறும் மழைக்கு முன்னால் நாங்கள் எல்லாரும் வந்து இந்த ஓடையில் தூர் வாருகிறோமே, அதற்காகவாவது குட்டிகளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் விடக் கூடாதா என்று ஆமை பணிவாகக் கேட்டது.

"இனிமேல் தூர் வார வராதீர்கள். மேலேயிருந்து வருகிற தண்ணீர் முழுக்க எனக்குச் சொந்தம். அதை யார் தொட்டாலும் திருட்டு" என்றது பன்றி.

"முழுக்கவா அய்யா?"

"முழுக்க."

"எப்போது வந்தாலுமா?"

"எப்போது வந்தாலும்."

ஆமை தலையை ஆட்டிவிட்டுத் திரும்பியது. மான்கள் குட்டிகளை நடத்திக்கொண்டு அடுத்த மலையில் இருந்த ஊற்றுக்குப் போய், எப்படியோ அந்தக் கோடையைத் தள்ளின.

பிறகு மழை வந்தது. வந்தது என்றால் சும்மா இல்லை, கொட்டித் தீர்த்தது. பள்ளம் நிறைந்தது. தண்ணீர் பன்றியின் வீட்டு வாசலுக்கு வந்தது, உள்ளேயும் வந்தது. கரையை உடைத்தால் வீடு பிழைக்கும், கிழங்கு போய்விடும். உடைக்காவிட்டால் கிழங்கு பிழைக்கும், வீடு போய்விடும். பன்றி கரையை முட்டப் போகும். பச்சைப் பசேலென்ற கொடிகளைப் பார்த்ததும் மனம் வராமல் வீட்டுக்கு ஓடும். வீட்டைப் பார்த்ததும் மறுபடி கரைக்கு ஓடும். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நாரைகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கடைசியில் பன்றி கரைமேல் நின்று ஆமையைக் கூப்பிட்டது.

"உங்கள் பங்குத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போங்கள். கிழங்குக்கு வலிக்காமல் பக்குவமாகத் தூக்கிக்கொண்டு போங்கள்."

"மன்னிக்க வேண்டும் அய்யா. அடுத்தவர் பொருளை நாங்கள் தொடுவதில்லை" என்றது ஆமை. "எப்போது வந்தாலும் உங்களுடையது என்றீர்கள். இப்போது வந்திருக்கிறது."

தண்ணீர் கரையையும் மூடி, பன்றியின் கழுத்துவரை ஏறியது. மைனா எப்போதோ மரக்கிளைக்கு மாறியிருந்தது.

"இவ்வளவு தண்ணீரும் யாருடையது?" என்று பன்றி அலறியது.

"எல்லாம் உங்களுடையதுதான் அய்யா" என்றது மைனா, பழக்க தோஷத்தில்.

அதோடு கரை உடைந்தது. பன்றி உருண்டது, கிழங்குகள் உருண்டன, வீட்டில் இருந்த வைக்கோல் படுக்கையும் பின்னாலேயே வந்தது. எல்லாம் ஒன்றாகக் குட்டையில் போய் விழுந்தன.

மழை விட்டதும் பன்றி சேறும் சகதியுமாகக் கரையேறியது. வீடும் இல்லை, விளைச்சலும் இல்லை, பசி மட்டும் இருந்தது. எதிரே மான்குட்டிகள் கிழங்கை மென்றுகொண்டிருந்தன. ஆமை பெரிய கிழங்கு ஒன்றைத் தலையால் தள்ளி வந்து பன்றியின் முன்னால் வைத்தது.

"இது உங்கள் பங்கு அய்யா. குட்டைக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் பங்கு கொடுப்பது எங்கள் வழக்கம்."

பன்றி அந்தக் கிழங்கைப் பார்த்தது. தான் நட்ட கிழங்கு. கிளையிலிருந்து மைனா வாயைத் திறந்தது.

"நீ சும்மா இரு" என்றது பன்றி.

நீதி: ஓடுகிற தண்ணீர் முழுவதும் எனக்கே என்பவன், வெள்ளத்தையும் தனியாகத்தான் தாங்க வேண்டும்.