ஆட்டாத சல்லடை

"செர்ட்டனா சொல்லுங்கம்மா, நான் போனா அவன் கதவைத் திறப்பானா? காலையிலிருந்து இந்த ஒண்ணைத்தானே கேக்கேன்!"

நாலாவது தடவையாக இதையே கேட்டார் தங்கப்பழம் சார். ரிட்டையர்டு இங்கிலீஷ் வாத்தியார். ஆசிரமத்துக்கு வந்து மூன்று வருஷம். தலைவி எமரன்சி அம்மா அவரைவிடப் பத்து வயது சின்னவர். சமையல்கட்டில் புட்டுக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தார்.

சார் கையில் மகன் போட்ட கடிதம். எட்டு வருஷமாகப் பேச்சு இல்லை. மகன் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டான் என்று, "இனி என் வாசலை மிதிக்காதே" என்றவர் இவரேதான். இப்போது அவன் வாசலைப் பற்றிக் கவலை. பதினோரு மணிக்குத் திருநெல்வேலி பஸ். அதை விட்டால் நாளைக்குத்தான்.

"முப்பது வருஷம் போர்டுல எழுதினீங்களே 'செர்ட்டன்'னு, அந்த இங்கிலீஷ் வார்த்தையை. எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார் அம்மா.

"லத்தீன்ல இருந்து."

"அங்க என்ன அர்த்தம்?"

சார் தொண்டையைச் செருமினார். வகுப்பில் மாட்டிக்கொண்டால் செருமுகிற அதே செருமல்.

"சலிச்சுப் பிரிச்செடுத்தது," என்ற அம்மா, சல்லடையை அவர் கையில் கொடுத்தார். "இந்தாங்க."

சார் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். தட்டில் ஒரு பொட்டு மாவு விழவில்லை.

"ஏன் ஆட்டலை?"

"வேட்டியெல்லாம் மாவாயிரும்."

"ஆகட்டும்."

ஆட்டினார். வேட்டி வெளுத்தது. மாவு விழுந்தது, கப்பி மேலே நின்றது.

"கடிதத்தில என்ன எழுதியிருக்கான்?"

"என்னை வரவச்சு, அவன் பொண்டாட்டி முன்னால அவமானப்படுத்தணும்னு..."

"எந்த வரியில?"

"வரியில இல்ல."

"வரியில இருக்கிறதைப் படிங்க."

சார் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார். "'பாப்பாவுக்கு உங்க மூக்கு. வந்து பாருங்கப்பா.'"

தன் மூக்கைத் தடவிப் பார்த்தார். பிறகு, "இருந்தாலும் செர்ட்டனா..."

"சலிச்ச பிறகு கீழ விழுறதுக்குத்தான் சார் செர்ட்டன்னு பேரு. நீங்க ஆட்டாமலே கேக்கீங்க."

வெளியே ஹாரன் சத்தம். சார் சல்லடையைக் கீழே வைத்துவிட்டு, மாவு வேட்டியோடு ஓடினார்.

பஸ்ஸில் சீட்டு நுனியில் உட்கார்ந்து, கடிதத்தைப் பிடித்த கையை உயர்த்திக் கத்தினார்:

"கண்டக்டர் தம்பி, டிரைவரைக் கொஞ்சம் வெரசாப் போகச் சொல்லுங்களேன்!"

மாவு படிந்த அந்த வேட்டியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.