எட்டாவது குழி

ஒரு காட்டில் அரசர் ஒருவர் குளிக்க ஆசைப்பட்டார். கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. சிரிக்காதீர்கள் பிள்ளைகளே, அவர் ஒரு யானை. யானைக்குச் சாப்பாடு எவ்வளவு முக்கியமோ, குளியலும் அவ்வளவு முக்கியம்.

அவர் பெயர் கருமேகன். இரண்டு கொம்புகளும் நீண்டு வளைந்து பார்க்கவே கம்பீரமாக இருப்பார். சொன்ன சொல்லை மீறவே மாட்டார். அதற்காகத்தான் காடு அவரை அரசராக வைத்திருந்தது. யாருக்காவது வாக்குக் கொடுத்தால் ஒரு மரக்கிளையை ஒடித்து அவர்களிடம் கொடுப்பார். அந்தக் கிளை அவர்களிடம் இருக்கும் வரை வாக்கும் இருக்கும்.

அவருக்கு ஒரு தொல்லை இருந்தது. அந்தக் காட்டில் யாராவது தப்புச் செய்தால் மூன்று நாள் அடைத்து வைப்பது வழக்கம். அடைக்க இடம் எங்கே இருக்கிறது? அரசரின் நான்கு கால்களுக்கு நடுவில்தான். முட்டை திருடிய குரங்கும், அடுத்தவர் கிழங்கைத் தோண்டித் தின்ற காட்டுப்பன்றியும் அங்கே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அவை ஓடிவிடக் கூடாதே என்று அரசர் அசையாமல் நிற்பார். வெயில் கொளுத்தும், ஈ மொய்க்கும், கூப்பிடு தூரத்தில் ஆறு ஓடும். பாவம், அவரால் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது.

ஒருநாள் ஊசியப்பன் என்ற முள்ளம்பன்றி அவரைப் பார்க்க வந்தான். குழி தோண்டுவதில் அவனை மிஞ்ச அந்தக் காட்டில் ஆள் கிடையாது. தன் மேட்டில் எட்டுக் குழிகள் சும்மா கிடக்கின்றன என்றும், தப்புச் செய்தவர்களை இனி அங்கே அனுப்பிவிடலாம் என்றும் சொன்னான். படுக்கக் காய்ந்த சருகு, மூன்று வேளைச் சாப்பாடு, வாசலில் காவல், எல்லாம் அவன் பொறுப்பு. ஆள் இருக்கும் ஒவ்வொரு குழிக்கும் அரசர் தினமும் ஒரு கட்டுக் கிழங்கு பிடுங்கிக் கொடுத்தால் போதும்.

அரசருக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. கிழங்கு பிடுங்குவது அவருக்கு ஒரு வேலையா என்ன? தும்பிக்கையால் ஒரு இழு இழுத்தால் வந்துவிடும்.

"ஒரே ஒரு வேண்டுகோள், ராசா," என்றான் ஊசியப்பன். "எட்டுக் குழியும் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். ஆள் புழங்காத குழி இடிந்துபோகும். நான் பட்ட பாடெல்லாம் மண்ணாகிவிடும்."

அரசரின் கண் ஆற்றின் மேல் இருந்தது. சரி சரி என்று தலையாட்டினார். பக்கத்திலிருந்த வேங்கை மரத்தில் ஒரு கிளையை ஒடித்து அவனிடம் கொடுத்தார். அடுத்த நிமிடம் ஆற்றில் தொபுக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

ஊசியப்பன் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் அவனைத் திட்டக் கூடாது. அவனுக்குத் தன் குழிகள் மேல் அவ்வளவு பிரியம். தினமும் பெருக்குவான். ஈரச் சருகை மாற்றுவான். காலியாகக் கிடக்கும் குழியைப் பார்த்தால் அவனுக்கு ராத்திரி தூக்கம் வராது. அது ஒன்றுதான் அவனிடம் இருந்த கோளாறு.

முதல் கொஞ்ச நாள் எல்லாம் அருமையாக நடந்தது. உள்ளே போனவர்கள் வெட்கப்பட்டுத் திருந்தி வெளியே வந்தார்கள். அப்புறம் மழை நன்றாகப் பெய்தது. மரத்துக்கு மரம் பழம் தொங்கியது. வயிறு நிறைந்திருக்கும்போது யார் திருடப் போகிறார்கள்? காட்டில் தப்புகள் குறைந்தன. நல்ல விஷயம்தானே என்கிறீர்களா? நல்ல விஷயம்தான். ஆனால் நான்கு குழிகள் காலியாகிவிட்டன. ஊசியப்பன் வேங்கைக் கிளையைத் தூக்கிக்கொண்டு அரசரிடம் வந்துவிட்டான்.

அரசர் ஆற்றில் நின்றபடியே கீச்சாயியைக் கூப்பிட்டார். கீச்சாயி ஓர் ஆட்காட்டிக் குருவி. தப்புச் செய்தவரைக் கண்டுபிடித்துக் கத்திக் காட்டிக்கொடுப்பது அவள் வேலை. இன்னும் கொஞ்சம் உன்னிப்பாகப் பார் என்று மட்டும் அரசர் அவளிடம் சொன்னார். அவளும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடினாள். வழியை மறித்து ஆடியதாக மயில் அகப்பட்டது. தண்ணீரைக் கலக்கியதாக ஒரு மான் குட்டி அகப்பட்டது. மூக்கை அதிகமாக ஆட்டியதாக ஒரு முயல் அகப்பட்டது. முயல் வேறு எதைத்தான் ஆட்டும், சொல்லுங்கள்! மூன்று நாள் தண்டனை ஏழு நாள் ஆனது. ஏழு குழிகள் நிறைந்தன. எட்டாவது மட்டும் காலி.

இந்த இடத்தில்தான் பொன்மூக்கன் வருகிறான். அவன் ஓர் இருவாச்சி. பெரிய மஞ்சள் மூக்கு, பறந்தால் காற்றைக் கிழிக்கிற சிறகுச் சத்தம். இருவாச்சிகளின் குடும்ப வழக்கம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. முட்டையிடும் காலம் வந்தால் பெண் இருவாச்சி ஒரு மரப்பொந்துக்குள் போய், வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நீட்டுகிற அளவுக்கு ஒரு கீற்று மட்டும் விட்டு வைக்கும். குஞ்சு வளரும் வரை வெளியே வராது. ஆண் பறவை பழம் கொண்டுவந்து ஊட்டினால்தான் அதற்கும் குஞ்சுக்கும் சாப்பாடு. பொன்மூக்கனின் மனைவி அலகம்மை அப்படித்தான் ஒரு பொந்தில் இருந்தாள். அவள் மடியில் பிறந்து நான்கு நாளான ஒரு குஞ்சு இருந்தது.

அன்று காலை பொன்மூக்கன் வாய் நிறைய அத்திப்பழங்களோடு பறந்துகொண்டிருந்தான். ஒரு பழம் நழுவிக் கீழே விழுந்தது. விழுந்த இடம் அரசரின் நெற்றி. கீச்சாயி விட்ட கூச்சலில் காடே நின்று திரும்பிப் பார்த்தது.

வேண்டுமென்றே போட்டாயா என்று அரசர் கேட்டார். பொன்மூக்கனால் எப்படிப் பதில் சொல்ல முடியும்? வாயைத் திறந்தால் மீதிப் பழமெல்லாம் விழுந்துவிடும். அதெல்லாம் அலகம்மைக்கும் குஞ்சுக்கும் உரியது. அவன் கண்ணால் கெஞ்சினான், தலையை ஆட்டினான். வாயை மட்டும் திறக்கவில்லை.

"பேசாமல் நிற்கிறான் பாருங்கள், ராசா. தப்பை ஒத்துக்கொள்கிறான்," என்றாள் கீச்சாயி.

ஏழு நாள் என்றார் அரசர். எட்டாவது குழியும் நிறைந்தது.

குழிக்குள் போன பிறகுதான் பொன்மூக்கன் பழங்களைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறந்தான். வீட்டு நிலைமையை ஒன்று விடாமல் ஊசியப்பனிடம் சொல்லி அழுதான். ஊசியப்பனுக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் தான் இடம் கொடுக்கிறவன் மட்டும்தான் என்றான். அனுப்பி வைத்தவர் அரசர், அவர்தான் விட வேண்டும் என்றான். அரசரிடம் சேதி போனது. தான் வாக்குக் கொடுத்திருப்பதாகவும், எட்டில் ஒன்று காலியாகக் கூடாது என்றும் அரசர் சொன்னார். வேறு ஒருவர் அகப்பட்டால் இவனை உடனே விட்டுவிடலாம் என்றார். அந்த வேறு ஒருவரைத் தேடி கீச்சாயி காடெல்லாம் பறந்தாள். ஆனால் பயத்தில் காடு மூச்சுக்கூட விடவில்லை. குரங்குகள் கையைக் கட்டிக்கொண்டு கிளையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை. அதனாலேயே, தப்புச் செய்யாத பொன்மூக்கனால் வெளியே வர முடியவில்லை. இரண்டு நாள் இப்படியே போயிற்று. அவன் அந்தப் பழங்களில் ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை அரசருக்குக் குளியல் ருசிக்கவில்லை. நெற்றியில் பழம் விழுந்த இடம் உறுத்துவது போலவே இருந்தது. கரையேறி, விசாரித்து விசாரித்து, அலகம்மை இருந்த மரத்தைத் தேடிப் போனார்.

மரத்தடியில் ஆள் அரவம் கேட்டதும் கீற்று வழியாக ஓர் அலகு நடுங்கிக்கொண்டு வெளியே வந்தது. தன் வீட்டுக்காரர் வந்துவிட்டார் என்று நினைத்து அவள் வாயைத் திறந்துவிட்டாள். திறந்த வாய் அப்படியே காத்திருந்தது. உள்ளேயிருந்து குஞ்சின் சத்தம் நூல் மாதிரி மெலிதாக வந்தது.

அரசர் பக்கத்து அத்திமரத்திலிருந்து பழங்களைப் பறித்து, தும்பிக்கை நுனியால் ஒவ்வொன்றாக ஊட்டினார். முதல் பழத்தை அவள் விழுங்கவில்லை. உள்ளே திரும்பிக் குஞ்சுக்குக் கொடுத்துவிட்டுத்தான் மறுபடி அலகை நீட்டினாள். அதைப் பார்த்ததும் அரசரின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. அவ்வளவு பெரிய உடம்பு, அவ்வளவு பெரிய அழுகை.

அங்கிருந்து நேராக ஊசியப்பனின் மேட்டுக்கு வந்தார். எட்டுக் குழியிலும் இருந்தவர்களை வெளியே வரச் சொன்னார். எல்லோரும் தலைதெறிக்க ஓடினார்கள். பொன்மூக்கன் வாடிப்போன அத்திப்பழங்களைப் பொறுக்கி வாயில் நிரப்பிக்கொண்டு பறந்தே போய்விட்டான்.

ஊசியப்பன் கிளையைத் தூக்கிக் காட்டினான். "ராசா, வாக்கு?"

"வாக்கு அப்படியே இருக்கிறது, ஊசியப்பா," என்றார் அரசர். "தப்புச் செய்தவன் ஒருவன் அகப்பட்டுவிட்டான். யோசிக்காமல் தலையாட்டியவன் நான்தான். எட்டுக் குழியையும் நானே நிரப்புகிறேன்."

மேட்டின் மேல் ஏறினார். நான்கு கால்களை நான்கு குழிகளில் விட்டார். தும்பிக்கையை ஐந்தாவதில் விட்டார். இரண்டு கொம்புகளையும் ஆறாவதிலும் ஏழாவதிலும் செருகினார். வாலை எட்டாவதில் வைத்தார். அது எப்படி முடியும் என்று என்னைக் கேட்காதீர்கள். பார்த்தவர்கள் சொன்னதைத்தான் நான் சொல்கிறேன். குழி எட்டும் நிறைந்தது, வாக்கும் நிறைந்தது.

ஊசியப்பனுக்குப் பெருமை பிடிபடவில்லை. எட்டுக் குழியிலும் ஓர் அரசர்! யாருக்குக் கிடைக்கும் இந்த மரியாதை? காவலுக்கு நெஞ்சை நிமிர்த்தி நின்றான். கொஞ்ச நேரத்தில் அரசருக்குப் பசி வந்தது.

சாப்பாடு ஊசியப்பன் பொறுப்பு. முயலுக்கு இரண்டு துண்டு, மயிலுக்கு ஒரு பிடி என்று போட்டுப் பழகியவன் அவன். சேர்த்து வைத்திருந்த கிழங்கையெல்லாம் கொண்டுவந்தான். அரசர் ஒரே வாயில் முடித்துவிட்டு, இன்னும் எப்போது வரும் என்று பணிவாக விசாரித்தார். தும்பிக்கை குழிக்குள் இருந்ததால் வாயிலும் ஊசியப்பன்தான் ஊட்ட வேண்டியிருந்தது. மூங்கில் கொண்டுவந்தான், வாழைத்தண்டு கொண்டுவந்தான், புல் பிடுங்கிப் பிடுங்கி நகம் தேய்ந்தது. பிறகு தண்ணீர் கேட்டார். இலையில் மொண்டு மொண்டு ஆற்றுக்கும் மேட்டுக்கும் நடந்ததில் அவன் முள்ளெல்லாம் துவண்டுவிட்டது. தினமும் கிழங்கு பிடுங்கிக் கொடுக்க வேண்டியவரோ குழிக்குள் நிற்கிறார். புதுக் கிழங்குக்கு அவன் எங்கே போவான்?

அரசர் விளையாட்டுக்குச் செய்யவில்லை. அவருக்கு உண்மையாகவே பசித்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் ஊசியப்பன் அவர் முன்னால் பொத்தென்று உட்கார்ந்தான். இன்னும் எத்தனை நாள் இருப்பதாக உத்தேசம் என்று ஈனக்குரலில் கேட்டான்.

"கிளை உன்னிடம் இருக்கிற வரைக்கும்," என்றார் அரசர்.

ஊசியப்பன் கிளையைப் பார்த்தான். தன் குழிகளைப் பார்த்தான். இலைகள் வாடியிருந்த அந்தக் கிளையை மடக்கென்று இரண்டாக ஒடித்து அரசரின் காலடியில் வைத்தான். வெளியே வந்ததும் அரசர் அவனைத் தும்பிக்கையால் தூக்கிவிட்டார். முள் குத்தியது. பரவாயில்லை என்றார்.

இருட்டுவதற்குள் அரசர் மறுபடியும் அந்த மரத்தடிக்குப் போனார். காலையில் வந்தது தான்தான் என்றும், அவள் வீட்டுக்காரரை அடைத்து வைத்ததும் தான்தான் என்றும் ஒளிக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டார். குழி ஒன்று காலியாக இருந்தது, அதனால் நடந்துவிட்டது என்று தலையைக் குனிந்துகொண்டார்.

கீற்றுக்குள்ளிருந்து அலகம்மை பேசினாள்.

"நானும் குழிக்குள்தான் இருக்கிறேன், ராசா. என் பிள்ளைக்காக நானே கதவை அடைத்துக்கொண்டேன். அவர் யாருக்காக உள்ளே இருந்தார்?"

 

மறுநாள் காலை அரசர் ஊசியப்பனையும் கீச்சாயியையும் அழைத்தார். இனி யாரை அடைத்தாலும் தினமும் தானே வந்து பார்க்கப்போவதாகச் சொன்னார். ஆள் இருக்கும் குழிக்கு இனிக் கிழங்கு கிடையாது என்றும், காலியாக இருக்கும் ஒவ்வொரு குழிக்கும் ஒரு கட்டு உண்டு என்றும் சொன்னார். ஊசியப்பன் வாயைப் பிளந்தான். இரண்டு முறை திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொண்டான்.

அன்று மத்தியானமே அவன் குரங்குகள் இருக்கும் மரத்தடிக்குப் போய் நின்றான். "தப்புத்தண்டா எதுவும் செய்துவிடாதீர்கள், தங்கங்களே. பசித்தால் என்னிடம் வாருங்கள், கிழங்கு தருகிறேன்," என்று கெஞ்ச ஆரம்பித்தான்.

நீதி: அடைக்க இடம் காலியாக இருக்கிறதே என்று குற்றவாளியைத் தேடினால், குற்றமில்லாதவரே அகப்படுவார்.