ஆமைக்கு வாங்கிய நெத்திலி

சபாபதிக்கு அறுபது வயது. அவருடைய குரு விசாக சாமிக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. அதனாலென்ன, தீட்சை வாங்கிய நாளிலிருந்து சபாபதி சாமி சொல்லைத் தட்டியதில்லை. மீனும் கறியும் விட்டார். தான் விட்டதோடு நிற்காமல், வீட்டிலிருந்த மீன்சட்டியையும் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார். அதைச் சாமி சொல்லவில்லை. அது இவருடைய சொந்தச் சரக்கு.

ஆசிரமத்து முற்றத்தில் பெரிய சிமெண்டுத் தொட்டி ஒன்று உண்டு. அதில் வண்ணக் கெண்டைகளைச் சபாபதிதான் வளர்த்து வந்தார். ஒருநாள் எந்தப் புண்ணியவானோ ஓர் ஆமையை வாளியோடு வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டான். கடையில் வாங்கி வீட்டில் வளர்க்கிற வகை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு, உள்ளங்கையில் அடங்கிவிடும். சபாபதி அதையும் மீன்களோடு விட்டார்.

நன்றாகத்தான் இருந்தது. ஆசிரமத்துக்கு வருகிறவர்களைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டுவார். பகை என்பதே இங்கே கிடையாது, எல்லாம் இந்த இடத்து மகிமை என்பார். வந்தவர்களும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஆமைக்குக் கீரை, பொரி, மிஞ்சிய பிரசாதச் சுண்டல். ஆசிரமத்துக்கு வந்த பிறகு அதற்கு என்ன கவுச்சி வேண்டிக் கிடக்கிறது?

ஆமை சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வளர்ந்தது. மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. சபாபதிக்கு மீன்கொத்தி மேல் சந்தேகம். தொட்டிக்கு மேலே வலை கட்டினார். அப்புறமும் குறைந்தது. இன்னொரு வலை வாங்கி அதன்மேல் கட்டினார். மனுஷன் தொட்டிக்குள்ளே பார்க்கவேண்டும் என்று மட்டும் நினைக்கவில்லை.

அன்று காலை அவர் வேறு கவலையோடு வந்திருந்தார். இளைய மகன் தனசேகர் தனிக்குடித்தனம் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அவன் மனைவி யமுனா கடலோரத்துப் பெண். வந்த புதிதில் கலகலவென்று இருந்தவள், இப்போது தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாள். மூத்த மருமகளிடம் எதற்கெடுத்தாலும் சுள்ளென்று விழுகிறாள். ஆளும் துரும்பாகிவிட்டாள். ஒரே கூரை, ஒரே அடுப்பு என்று ஊரெல்லாம் பெருமையடித்தவர் சபாபதி. இப்போது எந்த முகத்தோடு நடப்பது? சாமி ஒரு வார்த்தை சொன்னால் மகன் தட்டமாட்டான். அந்த வார்த்தையை வாங்கிப்போகத்தான் வந்தார்.

சாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "முதல்ல மீனுக்குத் தீனி போட்டுட்டு வாங்க" என்றார்.

சபாபதி வலையை விலக்கிக் குனிந்து பார்த்தார். இருப்பதிலேயே பெரிய கெண்டைக்கு வாலில் பாதியைக் காணோம். பக்கத்தில் ஆமை, வாயோரம் சிவப்புச் செதில் ஒட்டியிருக்க, ஒன்றும் தெரியாததுபோல மிதந்துகொண்டிருந்தது. சோறு போட்ட இடத்துக்கே துரோகம் செய்துவிட்டதே என்று அவர் போட்ட சத்தத்தில் சாமியே எழுந்து வந்தார்.

"இதை இப்பவே ஏரியில வீசிட்டு வரேன், சாமி."

"ஏரியில இருக்கிற மீனுக்கு யார் பதில் சொல்றது?"

சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆமையைத் தூக்கினார். கிணற்றடியில் துணி துவைக்கிற தொட்டி ஒன்று சும்மா கிடந்தது. அதைத் தேய்த்துக் கழுவி, பாதிக்குத் தண்ணீர் நிரப்பி, வெயில் படுகிற பக்கமாக ஒரு கல்லைச் சரித்துவைத்தார். ஆமையை அதில் விட்டார். பிறகு தெருவுக்குப் போனார். காவி வேட்டியைப் பார்த்து மீன்காரம்மா மலைத்துப்போய் நின்றாளாம். திரும்பி வந்தபோது கையில் ஒரு பொட்டலம் நெத்திலி.

சபாபதி ஆடிப்போய்விட்டார். "ஆசிரமத்துக்குள்ள மீனா, சாமி?"

"தீட்சை வாங்கினது நீங்க. அது எப்ப வாங்கிச்சு?"

ஆமை தின்றது. அப்படி ஒரு பசி. பார்த்துக்கொண்டு நிற்கவே சபாபதிக்குக் கஷ்டமாக இருந்தது. தின்று முடித்துக் கல்மேல் ஏறி, நாலு காலையும் நீட்டி, கழுத்தை வெயிலில் போட்டுக்கொண்டு கிடந்தது. அது கால் நீட்டிப் படுத்து அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

பெரிய தொட்டிக்கு ஓடினார். வலை கட்டிய நாளிலிருந்து வெறிச்சோடிக் கிடந்த தண்ணீரில் முதலில் வால் போன கெண்டை வந்தது. பின்னாலேயே அல்லிச் சட்டியின் அடியிலிருந்து ஒன்று, குழாய் மூலையிலிருந்து இன்னும் சில. செத்தே போயிற்று என்று அவர் கைகழுவிய கறுப்புப் புள்ளிக் கெண்டைகூட இருந்தது. சபாபதிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கிவைத்த மாதிரி இருந்தது.

தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். யமுனா பாதியில் வைத்துவிட்டு எழுந்த தட்டு ஞாபகத்துக்கு வந்தது. சாமி வலையை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"தனசேகர்கிட்ட என்ன சொல்லட்டும், சாமி?"

சாமி வலையில்தான் கண்ணாக இருந்தார்.

சபாபதி தானே செல்போனை எடுத்தார்.

"தம்பி, பால் காய்ச்ச நாள் பாத்தாச்சா?"

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"நான் வந்து நிக்கிறேன்பா. யமுனாகிட்ட சொல்லு, பரண்ல இருக்கிற மீன்சட்டியை நானே இறக்கித் தேய்ச்சு எடுத்துட்டு வரேன்னு."

"அப்பா" என்றான் மகன்.

போனை வைத்ததும் ஒரே கூரை என்கிற பழைய ஏக்கம் மறுபடியும் எட்டிப் பார்த்தது. அங்கே கிணற்றடியில் ஒன்று, இங்கே முற்றத்தில் ஒன்று. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இருந்தாலும் தொட்டி ரெண்டாயிடுச்சே, சாமி."

சாமி வாளியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"கிணறு ஒண்ணுதானே? போங்க, ரெண்டுக்கும் நீங்கதான் தண்ணி ஊத்தணும்."