நின்றுபோன பெட்ரோல் வாடை

மலைச்சாலை தொடங்கும் இடத்தில், முதல் வளைவுக்குச் சற்று முன்னால், கமருன்னிசாவின் பட்டறை இருந்தது. கார்களையும் ஜீப்புகளையும் பழுது பார்ப்பவள். அவளிடம் தொழில் கற்க வந்த சவரிமுத்துவுக்கு அவளைவிடப் பதினேழு வயது அதிகம். வந்த புதிதில் தங்கச்சி என்று கூப்பிட்டவர், மூன்றாம் மாதத்திலிருந்து மேஸ்திரி என்று கூப்பிட ஆரம்பித்தார். அப்படிக் கூப்பிடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அவர் இருபது வருஷம் அந்த மலையில் ஜீப் ஓட்டியவர். கடைசி ஜீப்பில் நாலு நாளாகப் பெட்ரோல் வாடை அடித்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டினார். ஐந்தாம் நாள் மலையேறும்போது அது தீப்பிடித்தது. எல்லோரும் குதித்து இறங்கிவிட்டார்கள். கடைசியாக இறங்கிய அவருடைய மச்சானுக்கு மட்டும் இரண்டு காலும் வெந்துபோயின.

அதற்குப் பிறகு சவரிமுத்து ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அந்த வாடை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும் என்று பட்டறைக்கு வந்து சேர்ந்தார்.

வேலை படிந்தது. பயம் போகவில்லை. பெட்ரோல் குழாய்ப் பக்கம் போனாலே கை நடுங்கும். ஸ்பானர் நட்டில் உட்காராமல் தட்டிக்கொண்டே இருக்கும்.

ஒரு நாள் காலையில் அவர் கேட்டார்.

"இந்த நடுக்கம் எப்ப போகும் மேஸ்திரி?"

கமருன்னிசா பதில் சொல்வதற்குள் ஒரு கார் வந்து நின்றது.

இறங்கியவள் தெய்வானை. மலைக்கிராமங்களுக்குத் தடுப்பூசி போடப் போகும் நர்ஸ். பின்சீட்டில் ஐஸ் வைத்த மருந்துப் பெட்டி இருந்தது. மேலே நாலு ஊர்களில் தாய்மார்கள் குழந்தைகளோடு காத்திருக்கிறார்கள், பிரேக்கை மட்டும் பார்த்துக் கொடுங்கள், உடனே ஏற வேண்டும் என்றாள். பேச்சோடு பேச்சாக, மூன்று நாளாக வண்டிக்குள் பெட்ரோல் வாடை அடித்துக்கொண்டிருந்தது, இன்றைக்குத் தானாகவே நின்றுவிட்டது என்றும் சொன்னாள்.

சவரிமுத்து கையிலிருந்ததை அப்படியே போட்டார். ஓடிப்போய்க் காருக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தார். விடிந்ததிலிருந்து பெட்ரோலில் பாகங்களைக் கழுவிக்கொண்டிருந்த அவர் மூக்குக்கும் ஒன்றும் தெரியவில்லை.

கமருன்னிசா மருந்துப் பெட்டியை எடுத்து நிழலில் வைத்தாள். கார்க் கண்ணாடிகளை ஏற்றி, கதவுகளைச் சாத்தினாள். அடுத்த திருப்பத்தில் ஒரு டீக்கடை இருக்கிறது, நடந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு நடந்தே வாருங்கள் என்று தெய்வானையிடம் சொன்னாள். தெய்வானை ஐஸ் உருகுவதைப் பற்றிச் சொன்னாள், குழந்தைகளைப் பற்றிச் சொன்னாள். பிறகு போனாள்.

கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து கதவைத் திறந்தவள், இரண்டடி பின்வாங்கி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"நின்னுபோச்சுன்னுல்ல நினைச்சேன்."

"வாடை நிக்கலம்மா. உங்க மூக்குக்குப் பழகிப்போச்சு" என்றாள் கமருன்னிசா.

தெய்வானையின் முகம் வெளுத்தது. முந்தாநாள் இதே வண்டியில் ஒரு நிறைமாதக்காரியை ஏற்றி வந்தேன் என்று மெதுவாகச் சொன்னாள்.

மூவருமாகக் காரை வெட்டவெளிக்குத் தள்ளினார்கள். நாலு கதவையும் திறந்து வைத்தார்கள். பட்டறையிலிருந்த வெல்டிங் மெஷினை அணைத்தார்கள். தீப்பிடித்தால் கொட்ட இரண்டு வாளி மணலைப் பக்கத்தில் வைத்தார்கள். பிறகு காத்திருந்தார்கள்.

ஏன் காத்திருக்க வேண்டும் என்று தெய்வானை கேட்டாள். சவரிமுத்துதான் விளக்கினார். சூடான இன்ஜின் மேல் கசிகிற பெட்ரோல் அந்தக் கணமே ஆவியாகிவிடும். கண்ணுக்கு ஈரம் தெரியாது. இன்ஜின் ஆறினால்தான் காட்டிக்கொடுக்கும்.

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு கமருன்னிசா எழுந்தாள்.

"நீங்க பாருங்கண்ணே. நான் சாவி போடுறேன்."

அவள் உள்ளே உட்கார்ந்து, இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினாள். பின்சீட்டுக்கு அடியில் பம்ப் முனகியது. குழாயில் பெட்ரோல் ஏறியது.

சவரிமுத்து பானெட்டுக்குள் குனிந்து, ஒரு வெள்ளைக் காகிதத்தைக் குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் ஒற்றிப் பார்த்தார். கை நடுங்கியதால் எங்கே தொட்டோம், எங்கே தொடவில்லை என்று அவருக்கே நிச்சயமில்லை. அதனால் தொட்ட இடத்தையே மறுபடி தொட்டார். முதல் இணைப்பு காய்ந்திருந்தது. இரண்டாவதும் அப்படியே. கடைசி இணைப்பில் மேலே ஒற்றினார், காகிதம் நனையவில்லை. பானெட்டை மூடிவிடலாம்தான். அவருக்கு மனம் ஒப்பவில்லை.

"இன்னொரு தடவை சாவி போடுங்க மேஸ்திரி."

போட்டாள். இந்தத் தடவை விரலைக் குழாய்க்கு அடியில் விட்டு ஒற்றினார். காகிதம் வெளியே வந்தபோது அதன் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஈரம் இருந்தது.

"நிறுத்துங்க" என்றார். குரல் வெளியே வரவில்லை. காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். கமருன்னிசா சாவியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினாள்.

குழாயில் நின்ற அழுத்தத்தை இறக்கி, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுத்தான் அந்த ரப்பர் குழாயைத் தொட விட்டாள். குழாயை இறுக்கிப் பிடித்திருந்த கிளிப்பைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. யாரோ அதை அளவுக்கு மீறி முடுக்கியிருந்தார்கள். கிளிப்பின் விளிம்பு ரப்பரைப் பாதி சுற்றுக்குக் கத்தியைப் போல அறுத்திருந்தது. கீழ்ப்பக்கம், கண் போகாத இடத்தில்.

புதுக் குழாயையும் புதுக் கிளிப்பையும் சவரிமுத்துவே மாட்டினார். அரைச் சுற்று முடுக்குவார், நிறுத்துவார், ஒற்றிப் பார்ப்பார். போதும் என்று தோன்றிய பிறகும் மூன்று தடவை சாவி போடச் சொன்னார். மூன்று காகிதமும் காய்ந்தே வந்தன. பிரேக்கையும் பார்த்து முடித்தார்கள். தெய்வானையை மறுபடியும் டீக்கடை வரை நடக்கவிட்டு, வந்து மோந்து பார்க்கச் சொன்னார்கள். ஒன்றும் இல்லை என்று அவள் சொன்ன பிறகு பெட்டியை ஏற்றினார்கள்.

கார் மலையேறியது. சவரிமுத்து சாலையிலேயே நின்றார். மரங்களுக்கு நடுவே அது தெரிந்தும் மறைந்தும் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வளைவில் மறைந்தது. வெளியே வரக் கொஞ்சம் தாமதமானது. அவர் வாய் எதையோ முணுமுணுத்தது. பிறகு வெள்ளைப் புள்ளியாக மேல் வளைவில் தெரிந்து, மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

அவர் பட்டறைக்குத் திரும்பி வந்து இரண்டு கைகளையும் நீட்டினார். விரல்கள் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன.

"எல்லாம் சரியாத்தான் முடிஞ்சது. ஆனா இதைப் பாருங்க. இது போகவே போகாதா?"

கமருன்னிசா குனிந்து, கழற்றிப் போட்ட பழைய குழாயை எடுத்தாள். அறுபட்ட பக்கம் மேலே தெரியும்படி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதை முடுக்கினவருக்குக் கை நடுங்கியிருக்காதுண்ணே."