ஆறுக்குப் பதில் மூன்று

அன்று காலை இரத்த வங்கிக் கணினிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. ஆன் செய்தால் எழும்பும், பாதியிலேயே அணையும், தானாக மறுபடி எழும்பும். பிரசவ அறையில் ஒரு பெண்ணுக்கு அரிய வகை இரத்தம் உடனே தேவைப்பட்டது. இரத்தம் கொடுப்பவர்களின் பட்டியல் முழுக்க அந்தக் கணினிக்குள்தான்.

கணினி முன்னால் உட்கார்ந்திருந்தவர் சவரிமுத்து. ஐம்பத்தோரு வயதில் பதிவறையிலிருந்து மாற்றலாகி வந்து, தன் மகள் வயதுள்ள நஸ்ரினிடம் கணினி கற்றுக்கொள்கிறவர். கணினி எந்த நிலையில் எழ வேண்டும் என்பதற்குப் பூஜ்யம் முதல் ஆறு வரை எண்கள் உண்டு என்று முந்தாநாள்தான் அவள் சொல்லியிருந்தாள். மூன்று என்றால் எல்லாரும் வேலை செய்கிற சாதாரண நிலை. பெரிய எண்ணாகப் போட்டால் எல்லா வசதியும் கிடைக்கும் என்று நினைத்து, நேற்று மாலை மூன்றை அழித்து ஆறு எழுதி வைத்தவர் இவரேதான். ஆறு என்றால், அணைந்து மறுபடி எழு என்று கட்டளை. பாவம், மனுஷனுக்கு அது எங்கே தெரியும்?

நஸ்ரின் வந்தாள். யார் கை வைத்தது என்று கேட்கவில்லை. கணினி எழும்புகிற நேரம் பார்த்து ஒரு விசையைத் தட்டி நிறுத்தினாள். திரையில் வந்த தொடக்கக் கட்டளை வரியின் கடைசியில் மூன்று என்று சேர்த்தாள். கணினி சமர்த்தாக எழுந்து நின்றது. இப்போது எந்த நிலையில் இருக்கிறாய் என்று அதையே ஒரு கட்டளையில் கேட்டாள். மூன்று என்றது.

பட்டியலைப் பார்த்துப் போன் செய்ததில், பத்து நிமிடத்தில் ஒருவர் இரத்தம் கொடுக்கக் கிளம்பிவிட்டார். அடேயப்பா, இந்த வயதில் என்ன நிதானம் என்று சவரிமுத்து வியந்து போனார்.

"சரியாயிடுச்சா டீச்சர்?"

"இந்த ஒரு தடவைக்குச் சரியாயிடுச்சு, அண்ணே. உள்ளே எழுதி வச்சிருக்கிறது இன்னும் ஆறுதான். மாத்தலைன்னா நாளைக்கும் இதே கூத்துதான்."

விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினாள். அவர் தொடவில்லை.

"ஆறு போட்டது நான்தான்."

"தெரியும்."

"எனக்கு இதெல்லாம் சரிப்படாது. பதிவறைக்கே திரும்பிப் போயிடறேன். இன்னைக்கே எழுதிக் கொடுத்துடறேன்."

நஸ்ரின் அந்த ஆறு எழுதியிருந்த வரியைத் திரையில் திறந்து காட்டினாள்.

"தப்பா விடிஞ்ச ஒரு நாளை வச்சுக்கிட்டா, இனிமே தினமும் எப்படி எழுந்திருக்கணும்னு எழுதுவீங்க?"