வென்றால் வருவேன்

ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு ராஜாவும் அந்தக் கரையில் ஒரு ராஜாவும் இருந்த காலத்தில் நடந்தது இது. சிறியவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள். பெரியவர்கள் எங்கே இருந்தாலும் சரி, காதை மட்டும் இங்கே கொடுங்கள். சொல்லப்போனால், அவர்கள்தான் இதைக் கேட்க வேண்டும்.

இந்தக் கரை ஆலநாடு. அந்தக் கரை இலவநாடு. நடுவில் நுரையாறு. ஆலநாட்டுத் துறையில் ஓடம் விட்டவன் பெயர் சேந்தன்.

சேந்தனின் ஓடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏறுகிறவர் யாராக இருந்தாலும் கரையைப் பார்த்து, "போய் வருகிறேன்" என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அவன் கழியை ஊன்றுவான்.

ஒருமுறை உப்பு வணிகர் ஒருவர் ஓடி வந்து ஏறினார். "போறேன், போறேன், சீக்கிரம் தள்ளுப்பா!" என்றார்.

சேந்தன் கழியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"போறேன்னு மட்டும் சொன்னா எப்படி? வர்றதைப் பத்திப் பேச்சே காணோமே."

"மாமியார் வீட்டுக்குப் போறேன்யா. வராம அங்கேயே குடியிருக்கவா போறேன்?"

"அதை உங்க வாயால சொல்லிட்டா ஓடம் நகரும்."

வணிகர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். ஓடம் நகர்ந்தது.

இப்படி இருக்கும்போது இலவநாட்டு அரண்மனையில் ஒரு கல்யாணம் வந்தது. ஆலநாட்டு ராஜா விருந்துக்குப் போனார். பரிமாறியவர்களில் எவனோ ஒருவன் அவசரத்தில் அவருடைய வாழையிலையை மாற்றிப் போட்டுவிட்டான். நுனி இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். வலக்கைப் பக்கம் இருந்தது. இலவநாட்டு ராஜா அதைக் கவனிக்கவில்லை. ஆலநாட்டு ராஜா கவனித்தார். ஒரு பருக்கையும் தொடாமல் எழுந்து வந்துவிட்டார்.

மறுநாள் ஊராரையும் கூப்பிட்டுச் சபை கூடியது.

"திருப்பிப் போட்டது இலையை அல்ல, நம் நாட்டை" என்றார் அமைச்சர்.

"இலை காய்ந்து போகும், இழிவு காயாது" என்றார் புலவர்.

"என் வீரர்களின் வேல்களுக்கு வெகுநாளாகப் பசி" என்றார் படைத்தலைவர்.

மூவருக்கும் கைதட்டல். கைதட்டல் அடங்கியபோது பின்வரிசையில் ஒருவன் எழுந்து நின்றான். சேந்தன்தான்.

"அரசே, இலையைத் திருப்பிப் போட்டுக்கிட்டா தீர்ந்துபோற விஷயம் இல்லையா இது?"

யாரோ சிரித்தார்கள். ராஜா சிரிக்கவில்லை.

"ஓடக்காரா, பயமா உனக்கு?"

"ஆமா அரசே. அந்தக் கரைக்குப் போறவங்க எல்லாரும் திரும்பி வர்றதைப் பார்த்தே பழகிட்டேன். வேற மாதிரி பார்க்கப் பயமாத்தான் இருக்கு. இந்தப் போர் வேண்டாம்."

"உட்காருடா கோழை" என்று ஒரு குரல் வந்தது. அவன் உட்கார்ந்தான். போர் முடிவானது.

சேந்தனுக்கு ஒரே தங்கை, எயினி. கணவனை இழந்தவள். அவளுடைய மகன் கொற்றன் படையில் இருந்தான். நடக்கப் பழகிய நாளிலிருந்து அவன் விளையாடியதெல்லாம் மாமனின் ஓடத்தில்தான். சபையில் நடந்ததைக் கேள்விப்பட்ட எயினி நேராகத் துறைக்கு வந்தாள்.

"ஊரே கைதட்டுது, நீ மட்டும் எந்திரிச்சு நின்னு வேண்டாங்கிறியா? என் புள்ள போறாண்ணா!"

"அதனாலதான் சொன்னேன்."

"போறவன் முகத்துக்கு நேரா இந்தப் போர் தப்புன்னா, அவனே தப்புன்னு சொன்ன மாதிரி ஆகாதா?"

"அவனை நான் ஒண்ணும் சொல்லலியே எயினி. போரைத்தானே சொன்னேன்."

"அவன் வேற, போர் வேறயா? வேல் அவன் கையிலதானே இருக்கு!"

சேந்தன் ஓடத்தின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

"இனிமே என் வாசப்படி ஏறாதே" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். 'போய் வருகிறேன்' என்றுகூடச் சொல்லவில்லை.

அவள் சொன்னது அவனுக்குள் முள்ளாகக் கிடந்தது. வேல் கொற்றன் கையில்தான் இருக்கிறது. அந்தக் கையை எனக்குப் பிடிக்கும், வேல் போகும் இடம் பிடிக்காது என்று சொன்னால் எவன் நம்புவான்? தனக்கே அது நம்பும்படி இருக்கிறதா?

ஓடத்தை உடைத்துவிடலாம் என்று கோடரியை எடுத்தான். ஓடம் இல்லையென்றால் படை எப்படிப் போகும்? உடனே இன்னொன்றும் தோன்றியது. கீழ்த்துறைச் சுழலில் இறங்கி நீந்தச் சொல்வார்கள். பாதிப் பேரை ஆறே கொண்டுபோய்விடும். கோடரியைக் கீழே வைத்தான். வைத்தது சரியான காரணத்துக்கா, வெறும் சாக்குக்கா என்று அவனுக்குத் தெளிவாகவில்லை. கடைசிவரை தெளிவாகவே இல்லை.

படை புறப்படும் நாள் வந்தது. அரண்மனை முற்றத்தில் ராஜா வீரர்களுக்குப் பூக்கொடுத்து ஒரு சத்தியம் வாங்கினார். புதிய சத்தியம். புலவர் எழுதிக்கொடுத்தது.

"வென்றால் வருவேன்!"

ஒவ்வொருவனும் நெஞ்சில் அடித்துச் சொன்னான். ஊர் கைதட்டியது. எயினியும் கைதட்டினாள்.

பிறகு படை துறைக்கு வந்தது. முதல் ஓடம் நிறைந்தது. சேந்தன் கழியை ஊன்றாமல் நின்றான்.

"என்னய்யா பார்க்கிறே? தள்ளு!" என்றான் ஒருவன்.

"சொல்லுங்க."

"வென்றால் வருவேன்!" என்று எல்லாரும் கத்தினார்கள்.

"அது அரண்மனைக்குச் சொன்னது. ஓடத்துக்குச் சொல்றதைச் சொல்லுங்க."

"போர் வேண்டாம்னு சொன்ன ஆளுதானே நீ? எங்களை எதுக்குய்யா வரச் சொல்றே?" என்று இன்னொருவன் சிரித்தான்.

"போகச் சொல்லாதவன்தான்டா வரச் சொல்லணும். சொல்லுங்க, வெயில் ஏறுது."

முணுமுணுத்தார்கள். முறைத்தார்கள். கடைசியில் கரையைப் பார்த்து, "போய் வருகிறோம்" என்றார்கள். ஓடம் நகர்ந்தது. அடுத்த நடையும் அப்படியே. அதற்கு அடுத்ததும் அப்படியே.

கடைசி நடையில் கொற்றன் வந்தான். மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். அவன் மட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். மாமனோடு பேசக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை.

"என்கிட்ட பேச வேண்டாம்டா. ஆத்துக்கிட்ட சொல்லு" என்றான் சேந்தன்.

கொற்றன் உதட்டைக் கடித்தான். பிறகு மெல்ல, சின்ன வயதில் சொன்ன அதே குரலில், "போயிட்டு வரேன்" என்றான்.

சேந்தன் கழியை ஊன்றினான். இந்தக் கழிதான் அவர்களை அங்கே தள்ளுகிறது. அவனுக்கு அது தெரியும்.

போர் எப்படி நடந்தது என்பதை நான் சொல்லப்போவதில்லை. அது இந்தக் கதைக்கு வேண்டியதில்லை. ஆலநாடு தோற்றது. அவ்வளவுதான்.

ராஜா எல்லோருக்கும் முந்தி, மலையடிவாரத்து மேல்துறையில் குதிரையை நீந்தவிட்டு, அரண்மனைக்குத் திரும்பிவிட்டார். அவர் சத்தியத்தை வாங்கினாரே தவிர, சொல்லவில்லை.

மிஞ்சிய வீரர்கள் மறுநாள் காலையில் அந்தக் கரையை வந்தடைந்தார்கள். துறைவரை வந்தார்கள். ஓடத்தைக் கூப்பிடவில்லை. வேல்களைக் கீழே போட்டுவிட்டு, வடக்குப் பார்த்து மணலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். இந்தக் கரையில் நின்ற எல்லோருக்கும் அதற்குப் பொருள் புரிந்தது. சாப்பிட மாட்டார்கள், குடிக்க மாட்டார்கள், அங்கேயே இருந்து உயிரை விட்டுவிடுவார்கள்.

ஊரே இந்தக் கரையில் திரண்டு நின்றது. யாரும் குரல் கொடுக்கவில்லை. எப்படிக் கொடுப்பார்கள்? "வென்றால் வருவேன்" என்றபோது கைதட்டியவர்கள் அல்லவா? இப்போது வா என்று கூப்பிட்டால், சத்தியத்தை உடை என்று சொன்னதாகிவிடும். சொல் தவறியவன் என்ற பெயரைத் தன் மகனுக்கு எந்தத் தாய் வாங்கிக்கொடுப்பாள்?

எயினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு துறைக்கு வந்தாள். அந்த வரிசையில் கொற்றனும் இருந்தான். இடக்கை துணியால் கட்டி நெஞ்சோடு தொங்கியது.

"அண்ணா" என்றாள். "என்னால கூப்பிட முடியாதுண்ணா. நானும் கைதட்டினவ."

சேந்தன் ஒரு குடம் கஞ்சியை ஓடத்தில் ஏற்றினான். கரையைப் பார்த்து, "போய் வருகிறேன்" என்றான். கழியை ஊன்றினான்.

அந்தக் கரையில் யாரும் தலை நிமிரவில்லை.

"ஏறுங்கடா" என்றான் சேந்தன்.

"வர மாட்டோம். சத்தியம் பண்ணியிருக்கோம்."

"என்னன்னு?"

"உமக்குத் தெரியாதா? வென்றால் வருவேன்னு."

"சரி. தோத்தா வரமாட்டேன்னு யாராவது சொன்னீங்களா?"

வீரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் அப்படிச் சொல்லவில்லைதான்.

"அரண்மனையில சொன்னதை விடுங்க. அப்புறம் என் ஓடத்துல ஒண்ணு சொன்னீங்களே, அது என்ன?"

"போய் வருகிறோம்னு" என்றான் முன்பு ஓடத்தில் சிரித்தவன்.

"அதுல எங்கேயாவது ஒரு 'ஆல்' இருந்துதா? வென்றால், தோற்றால், மழை பெய்தால், வெயில் அடித்தால்... ஏதாவது இருந்துதா?"

"இல்லை."

"அப்போ வர்றதுதான் சத்தியம். வராம இங்கேயே உட்கார்ந்திருந்தா நீங்கதான் சொல் தவறினவங்க."

காற்று மணலைத் தள்ளிக்கொண்டு போனது. கொற்றன் முதல்முறையாக முகத்தைத் திருப்பினான்.

"மாமா, இந்தப் போர் தப்புன்னு சொன்னீங்க. இப்பவும் அதைத்தான் சொல்வீங்களா?"

"சொல்வேன்டா."

"அப்போ செத்துப்போனவங்க? அவங்க தப்புக்காகவா செத்தாங்க?"

சேந்தன் மணலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். பொய் சொல்லியிருக்கலாம். ஆறுதலாக நாலு வார்த்தையும் சொல்லியிருக்கலாம். இரண்டும் அவனுக்கு வரவில்லை.

"எனக்குத் தெரியலடா. அவங்களைக் கொண்டுவந்து இங்க இறக்கினதும் நான்தான். ஒவ்வொருத்தன் முகமும் ஞாபகம் இருக்கு. ஒவ்வொருத்தனும் வரேன்னுதான் சொன்னான். அவங்க வர முடியாமப் போச்சு." அவன் எழுந்துபோய் ஓடத்திலிருந்து கஞ்சிக் குடத்தை இறக்கிக்கொண்டு வந்தான். "உங்களால முடியும். அந்த ஒண்ணுதான் எனக்குத் தெரியும்."

அவன் கஞ்சியை மொண்டு நீட்டினான். கொற்றன் வெகுநேரம் அதைப் பார்த்தான். பிறகு வாங்கிக் குடித்தான். அதைப் பார்த்து இன்னொருவன் கையை நீட்டினான். பிறகு இன்னொருவன்.

மூன்று நடையில் எல்லோரும் வந்துவிட்டார்கள். போகும்போது எத்தனையோ நடை ஆயிற்று. இறங்கியபோது இந்தக் கரையில் கைதட்டல் இல்லை. ஓடி வந்து கட்டிக்கொண்டார்கள். யாரும் வராத வீட்டுப் பெண்கள் ஓடத்தைத் தொட்டுக்கொண்டு அழுதார்கள். சேந்தன் அவர்களோடு நின்றான். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் நின்றான்.

அப்போது எயினி திரும்பி வந்தாள்.

"இலை போடப் போறேன். உள்ள வாண்ணா."

அவன் அவள் வாசப்படி ஏறினான். கொற்றன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். எயினியின் கண் மகன் முகத்தை விட்டு நகரவில்லை. மகன் முன்னால் இலையைப் போட்டாள். போட்டுவிட்டுப் பார்த்தாள். நுனி வலப்பக்கம் இருந்தது. "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூவரும் அந்த இலையைப் பார்த்தபடி இருந்தார்கள். பிறகு கொற்றன், கட்டுப்போடாத கையால் இலையைப் பிடித்து மெதுவாகத் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

"இவ்வளவுதானே மாமா" என்றான். கண்ணிலிருந்து ஒரு சொட்டு இலையில் விழுந்தது.

"இவ்வளவுதான்டா" என்றான் சேந்தன். "சாப்பிடு."

இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: போர் வேண்டாம் என்பவன், போருக்குப் போனவனை வேண்டாம் என்பவன் அல்லன்.